பாரமா, சாய்வா?

"சூடானதுக்கு அப்புறம்தான் ஆகுதுங்களா, காலைல எடுத்த உடனேயும் ஆகுதுங்களா?"

"ரெண்டு நேரமும் ஆகுதுங்ணா. ரோட்டுல ஒண்ணுமே தெரியறதில்ல. பேக்டரிக்கு மேல இருக்கற ஏத்தத்துல மட்டும் சும்மா ரேஸ் ஆகுது, வண்டி அப்படியே நிக்குது. அப்புறம் டக்குனு புடிச்சு உதறுது."

மேட்டுப்பாளையத்தில், பவானியைத் தாண்டிக் கோத்தகிரிக்கு ஏறும் சாலைப் பக்கம் உள்ள ஒரு பட்டறையில் இந்த விசாரணை நடந்துகொண்டிருந்தது. வந்திருந்தது ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபோர் வீல் டிரைவ் வண்டி. ஆறு கியர் கொண்ட ஆட்டோமேட்டிக். கொண்டுவந்தவர் தோட்டத்து டிரைவர். வேறு ஒரு இடத்தில் கியர் பாக்ஸையே மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு முதலாளி வண்டியையே விற்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாராம்.

பட்டறைக்காரரை அங்கே எல்லோரும் அண்ணா என்றே கூப்பிடுகிறார்கள். இளம் வயதில் லாரி கிளட்ச்களில் கை பழகியவர். ஆட்டோமேட்டிக் வண்டிகள் மலைக்கு வரத் தொடங்கிய பிறகு, பிரித்த பெட்டிகளைப் பார்த்துப் பார்த்தே புது வேலையைக் கற்றுக்கொண்டிருக்கிறார். அன்று அவருடைய மேசைமேல் அப்படி ஒரு பெட்டி திறந்து கிடந்தது. அதிலிருந்து ஒரு கிளட்ச் பிளேட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். எஃகு வளையத்தின் இரு பக்கமும் காகிதத்தை அடிப்படையாகக் கொண்ட உராய்வுப் பூச்சு. அது கருகி, நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது. பக்கத்திலிருந்த வெறும் எஃகுத் தட்டில் நீல நிறத்தில் சூட்டுத் தழும்புகள். கருகிய ஆயிலின் நெடியை ஒருமுறை முகர்ந்தவர்கள் பிறகு எங்கேயும் அடையாளம் கண்டுகொள்வார்கள். "இது திறக்க வேண்டிய பெட்டி. திறக்கக் கூடாத பெட்டியையும் திறந்துடறாங்க, அதுதான் வருத்தம்" என்றார்.

ஆட்டோமேட்டிக் பெட்டியில் டிரைவர் மிதிக்கும் கிளட்ச் இல்லை. எஞ்சினுக்கும் கியர்களுக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் ஆயிலைச் சுழற்றி வீச, அந்த ஆயிலின் வேகம் மறுபக்கச் சக்கரத்தைத் தள்ளுகிறது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் இதைக் கப்பல்களுக்காக உருவாக்கி 1905இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அடுத்து வரும் கியர் தொகுதிகளை மாற்றி மாற்றிப் பிடித்து விடுவது மேசைமேல் பார்த்தது போன்ற கிளட்ச் பிளேட் அடுக்குகள். அவற்றை அழுத்திப் பிடிப்பதும் ஆயில்தான். பெட்டிக்குள் ஒரு பம்பு, அடிச் சட்டியில் கிடக்கும் ஆயிலை ஃபில்டர் வழியாக உறிஞ்சி அழுத்தத்தோடு அனுப்புகிறது. ஒரே ஆயில் வேகத்தைக் கடத்துகிறது, பிளேட்டை இறுக்குகிறது, சூட்டையும் வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் ஆயிலில் வரும் சின்னக் குறையும் பெட்டியே போய்விட்டது போன்ற தோற்றத்தைக் காட்டுகிறது.

மலையில் இன்னொரு குழப்பமும் உண்டு. செங்குத்தான மேட்டில் மெல்ல ஏறும்போது எஞ்சின் வேகமாகச் சுற்றி வண்டி மெதுவாக நகர்வது கன்வர்ட்டருக்கு இயல்பு. அந்த வித்தியாசத்தில்தான் அது எஞ்சினின் திருப்பு விசையைப் பெருக்கித் தருகிறது. கிளட்ச் பிளேட் வழுக்கினாலும் காதுக்கு அதே சத்தம்தான். இரண்டையும் காதால் மட்டும் பிரிப்பது கடினம். அண்ணா ஸ்கேனரை மாட்டி மூன்று எண்களை வரவழைத்தார்: எஞ்சினின் சுற்று, கியர் பெட்டிக்குள் நுழையும் தண்டின் சுற்று, வெளியே வரும் தண்டின் சுற்று. முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கன்வர்ட்டருடையது. அடுத்த இரண்டையும் ஒப்பிட்டால் கிளட்ச் பிளேட்டின் நிலை தெரிந்துவிடும். முதல் கியரின் விகிதம் 3.6 என்றால், வெளித்தண்டு நிமிடத்துக்கு 500 சுற்றும்போது உள்தண்டு 1,800 சுற்ற வேண்டும். 2,300 என்று காட்டினால் உள்ளே ஒரு பிளேட் அடுக்கு பிடிக்காமல் ஓடுகிறது என்று பொருள். வண்டியின் கணினியும் இதே கணக்கைப் போட்டுத்தான், கியர் விகிதம் தவறு என்ற பொருளில் பி0730 என்ற குறியீட்டைப் பதிவு செய்கிறது. இந்த வண்டியில் அது பதிவாகியிருந்தது. முந்தைய இடத்தில் பெட்டியை மாற்றச் சொன்னதும் அந்த ஒற்றைக் குறியீட்டை வைத்துத்தான். ஆனால் அந்தக் குறியீடு வழுக்கியது என்று மட்டும்தான் சொல்லும். ஏன் வழுக்கியது என்பதை அதனிடம் கேட்க முடியாது.

பிரேக்கை அழுத்திக்கொண்டு டி-யில் போட்டு முழு ரேஸ் கொடுத்துப் பார்க்கும் ஸ்டால் சோதனை ஒன்று உண்டு. ஐந்து விநாடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும். அண்ணா அதை விரும்புவதில்லை. பெட்டியின் பக்கவாட்டில் அழுத்தம் பார்ப்பதற்கென இருந்த சிறு துளையில் கேஜின் குழாயைப் பொருத்தி, கேஜைக் கேபினுக்குள் கொண்டுவந்து கட்டினார். "மேல போலாம் வாங்க" என்றார். ஹெல்ப்பர் பையன் இரண்டு மரக்கட்டைகளைப் பின்னால் தூக்கிப் போட்டுக்கொண்டான்.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். கோத்தகிரி அதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் உயரம். குஞ்சப்பனை தாண்டி வளைவு வளைவாக ஏறும்போது வண்டியில் நாங்கள் நால்வர், பின்னால் தோட்டத்துக்கு வாங்கிய உர மூட்டைகள். கேஜ் முள் அசையவில்லை. ஸ்கேனர் எண்களும் கணக்குப்படியே. அண்ணா பேசவே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் முள்ளைப் பார்த்தார், அவ்வளவுதான்.

தோட்டத்தில் மூட்டைகளை இறக்கிய பிறகு வெறும் வண்டியைப் பேக்டரி மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் ஓரமாக நின்று பார்த்தேன். கல் பாவிய தடம். நாலடி போனால் ஓரடி உயரும் செங்குத்து. பாதி ஏறியதும் பெட்டியிலிருந்து மெல்லிய ஊளைச் சத்தம் எழுந்தது. உடனே எஞ்சின் கத்தியது, வண்டி நின்றது. பையன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தான். உள்ளே எட்டிப் பார்த்தபோது கேஜ் முள் துடித்துக்கொண்டு கீழே விழுந்திருந்தது. பின்னால் இறக்கிச் சமதரைக்கு வந்ததும் முள் பழைய இடத்துக்கு ஏறிவிட்டது.

"லோ போட்டு ஏத்துங்க" என்றார் அண்ணா. ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை லோ-வில் போட்டால் பெட்டியின் மேல் விழும் சுமை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பிளேட் தேய்ந்து சுமை தாங்காமல் வழுக்கும் வண்டியாக இருந்தால், லோ-வில் தடுமாறாமல் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இது லோ-விலும் அதே இடத்தில் ஊளையிட்டது, அதே இடத்தில் நின்றது.

அந்த நிமிடத்தில் அண்ணாவின் முகம் தெளிந்ததை நான் கவனித்தேன். மூட்டைகளோடு மலைச் சாலையில் வழுக்காத வண்டி, வெறுமையாகச் செங்குத்தில் வழுக்குகிறது. சுமையைக் குறைத்தும் மாறவில்லை. ஆக, இதற்குப் பாரம் காரணமில்லை, சாய்வுதான். வாணலியில் எண்ணெய் குறைவாக இருக்கும்போது சாய்த்தால் ஒரு பக்கம் காய்ந்துபோகும். இங்கும் அதுதான் நடந்திருக்கிறது. வண்டியின் மூக்கு மேலே தூக்கியதும் ஆயில் சட்டியின் பின்பக்கம் ஒதுங்குகிறது. முன்பக்கமாக இருக்கும் ஃபில்டரின் உறிஞ்சு வாய் காற்றை இழுக்கிறது. காற்றை இழுத்த பம்பு ஊளையிடுகிறது. அழுத்தம் விழுந்து பிளேட் நழுவுகிறது.

ஆயில் ஏன் குறைந்தது? குழாய்களிலோ சீல்களிலோ கசிவின் தடம் இல்லை. சில மாதங்களுக்கு முன்பு ஒரு இடத்தில் ஆயில் மாற்றியதாக டிரைவர் சொன்னார். "ஓட்டிக்கிட்டுப் போய் நிறுத்தினேன், உடனே வேலையை ஆரம்பிச்சுட்டாங்க."

பதில் அதிலேயே இருந்தது. இந்த மாதிரிப் பெட்டிகளில் டிப் ஸ்டிக் கிடையாது. சட்டியின் அடியில் ஒரு பிளக் உண்டு. சமதரையில், எஞ்சின் ஓடும்போது, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கையில் அதைத் திறக்க வேண்டும். மெல்லிய இழையாக ஒழுகினால் அளவு சரி. பல பெட்டிகளுக்கு அந்தச் சூடு 40 டிகிரியை ஒட்டியது. ஓடி வந்த வண்டியில் ஆயில் 80, 90 டிகிரியில் இருக்கும். சூட்டில் விரிந்த ஆயில் குறைவாக இருந்தாலும் பிளக் வழியே வழியும். அளவு நிறைந்துவிட்டது என்று நம்பி மூடிவிடுவார்கள். ஆறியதும் குறை தெரியவரும், அதுவும் மேட்டில்தான்.

இரவு முழுக்க ஆறவிட்டு, மறுநாள் காலை பட்டறையில் ஸ்கேனரில் சூட்டைப் பார்த்துக்கொண்டே பிளக்கைத் திறந்தார்கள். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. கைப் பம்பால் ஏற்ற ஏற்ற, ஒரு லிட்டருக்கு மேல் உள்ளே போன பிறகுதான் இழை ஒழுகியது. பிறகு எல்லாவற்றையும் வடித்துச் சட்டியைக் கழற்றினார்கள். ஆயில் செம்பழுப்பாக இருந்தது; கருகல் நெடி லேசாக. காந்தங்களில் மைபோன்ற சாம்பல் நிறப் பசை மட்டும் ஒட்டியிருந்தது. அது எந்தப் பெட்டியிலும் சேர்வதுதான். கறுப்புத் துகள்கள் இல்லை. அண்ணா அந்தப் பசையை இரு விரல்களுக்கு நடுவே நெடுநேரம் தேய்த்துப் பார்த்தார். எந்த எண்ணும் சொல்லாத ஒன்றை அந்த விரல்கள் தேடின. எனக்கு மிகுந்த மரியாதை தோன்றிய கணம் அது.

புது ஃபில்டர், புது ஆயில், சரியான சூட்டில் அளவு. திரும்பவும் பேக்டரி மேடு. முள் அசையாமல் நிற்க வண்டி ஏறியது. டிரைவர் சத்தம் போட்டுச் சிரித்தார். அண்ணா சிரிக்கவில்லை. "பிளேட்டு கொஞ்சம் அடி வாங்கியிருக்குங்க. இத்தனை நாள் வழுக்கியிருக்கு இல்லீங்களா? ரொம்ப வருசம் வரும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

பில்லில் ஆயில், ஃபில்டர், பேக்கிங், கழற்றி மாட்டிய கூலி. மலைக்குப் போய்வந்த பொழுதுக்கு எதுவும் இல்லை. ஏன் என்று கேட்டேன். பொருள் மாற்றினால் கொடுப்பார்கள், கண்டுபிடித்ததற்குக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள் என்றார். இது அநியாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு பெட்டியின் விலையை மிச்சப்படுத்தியது அந்த ஆயில் இல்லை. முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த அந்த நேரம்தான். கண்டுபிடிக்கும் உழைப்புக்குக் கூலி கிடைக்காத வரை, குறியீட்டைப் படித்ததும் பெட்டியை மாற்றச் சொல்வதுதான் லாபமான தொழிலாக இருக்கும். இதைச் சொன்னபோது டிரைவர் இடைமறித்தார். "அதையும் எழுதுங்ணா. முதலாளிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அண்ணா கொஞ்சம் தயங்கி, 'மலையில் ஓட்டிப் பார்த்தது' என்று ஒரு வரி சேர்த்தார். சாவியைக் கொடுக்கும்போது டிரைவரிடம் சொன்னார்: "மேடு ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே லோ போட்டுடுங்க, நடுவுல நின்னுட்டுப் போடாதீங்க. அடுத்த தடவை யார் ஆயில் மாத்தினாலும், வண்டிய ஆறவிட்டு அளவு பார்க்கச் சொல்லுங்க."