காதா? நோட்டா?



பாட்டு கத்துக்க நோட்டு வேணுமா, காது போதுமா? எங்கள் வீட்டில் தினமும் இதே பேச்சுதான்.

தாத்தா நாகஸ்வரக்காரர். அவங்க அப்பா வாசிக்க, பின்னாலேயே வாசித்துப் பழகியவர். ஸ்வரம் எழுதத் தெரியாது. எனக்கு வயலின் சொல்லித்தரும் டீச்சரோ, "எழுதி வச்சுக்கோ, இல்லன்னா மறந்து போயிரும்" என்பார்.

டீச்சர் பக்கம் நியாயம் இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் எட்டயபுரத்தில் காலமானார். அவர் கீர்த்தனைகள் குரு பாட, சிஷ்யர் கேட்டுப் பாடியே வந்தவை. அதே எட்டயபுரத்தில் 1904-ல் சுப்பராம தீட்சிதர் அவற்றைத் திரட்டி, 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்று தெலுங்கில் அச்சிட்டார். ஸ்வரத்தோடு கமகத்துக்கும் தனித்தனி அடையாளம் போட்டார். 1906-ல் அவரும் மறைந்தார். இன்னும் 2 வருஷம் தாமதித்திருந்தால்?

தாத்தா பக்கமும் நியாயம் இருக்கிறது. தோடி ராகத்தில் 'க' என்று நோட்டில் ஒரே எழுத்துதான். அதை அசைக்காமல் நேராக வாசித்துப் பாருங்கள், தோடியே இருக்காது! எவ்வளவு அசைக்கணும் என்பதைக் கேட்டுத்தான் பிடிக்க முடியும். தீட்சிதரே வெள்ளைக்காரர் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார். அவைதான் நோட்டுஸ்வரங்கள்.

தாத்தாவுக்குப் பல் விழுந்து 2 வருஷம் ஆச்சு. சீவாளி வாயில் நிற்காது. சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரிகள் அவர் நெஞ்சுக்குள் மட்டும் இருக்கின்றன. மல்லாரிக்குச் சாகித்யம் கிடையாது, வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஞாபகம் வைக்கவும் வழியில்லை. அதனால் சாயந்தரம் அவர் தொடையில் தாளம் போட்டு முனங்க, நான் வயலினில் வாசித்துக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகே எழுதுகிறேன். ஒரு வரிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். "இல்லலே, அங்க கொஞ்சம் இழு" என்பார். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று எழுத எந்த அடையாளமும் போதவில்லை. அதை மட்டும் காதில் வைத்திருக்கிறேன். இதுவரை 2 மல்லாரி முடிந்தது.

நண்பர்களே, உங்க வீட்டு ஆச்சி தாலாட்டு பாடுவாங்களா? கும்மிப் பாட்டு தெரியுமா? இன்னைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க. முதலில் பாடிப் பழகுங்க, அப்புறம் எழுதுங்க. நோட்டு தொலையாமல் காக்கும். பாட வைப்பது காதுதான்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்