உறங்கத் தெரியாத விதைகள்

ஜூன் பிறந்துவிட்டால் ஜார்ஜ்டவுனில் மூக்கே வழிகாட்டி. ஆனால் பட்டணத்துக் கடையில் நின்று தின்றுவிட்டுத் திரும்பாதீர்கள். ஜெட்டியில் பஸ் ஏறி பாலிக் பூலாவ் போங்கள். 'தீவின் பின்பக்கம்' என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். மலைச்சரிவெல்லாம் டுரியான், ரம்புத்தான், ஜாதிக்காய். டுரியானைப் பறிப்பதில்லை, தானாக விழும் பழத்தைத் தாங்க மரத்தடியில் வலை கட்டியிருப்பார்கள்.

அங் ஹே, ஹோர் லோர் என்று விலை பேசித் தின்றாயிற்று. கொட்டையை என்ன செய்வீர்கள்? பிறகு நடலாம் என்று துடைத்துக் காயவைத்து ஐஸ்பெட்டியில் வைத்தால் அதோடு கதை முடிந்தது. நெல்லும் உளுந்தும் காய்ந்தால்தான் நிலைக்கும். டுரியான் கொட்டையோ காய்ந்தால் செத்துவிடும், குளிரும் ஆகாது. ஈரமாகவே விட்டால் சில நாளில் முளைவிடும் அல்லது பூஞ்சணம் பிடிக்கும். மங்குஸ்தீன், ரம்புத்தான், பலா, மா, கொக்கோ எல்லாம் இதே ரகம்தான். ஆண்டு முழுக்க மழையும் வெயிலும் கிடைக்கிற காட்டில் பிறந்த விதைக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதனால் உறங்கவும் தெரியாது.

1973இல் ராபர்ட்ஸ் என்ற ஆய்வாளர் இவற்றுக்கு வைத்த பெயரைத் தமிழில் 'முரண்டு பிடிக்கும் விதைகள்' எனலாம். நம் நாட்டுப் பேராசிரியர் சின் ஹூங் ஃபோங் அவரோடு சேர்ந்து 1980இல் இதற்கென்றே ஒரு நூல் கொண்டுவந்தார். நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008இல் திறந்த உலக விதைக் களஞ்சியம் விதைகளை மைனஸ் 18 பாகையில் வைக்கிறது. அங்கே டுரியானுக்கு இடமில்லை.

ரப்பரும் இந்தக் கூட்டம்தான். 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போனவை சுமார் 70,000 விதைகள். முளைத்தவை ஏறக்குறைய 2,700. மறு வருடம் சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் வந்தன. நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றிய பால்மரக் காடுகளின் தொடக்கம் இவ்வளவுதான்! பினாங்கின் ஜாதிக்காயையும் 1800 வாக்கில் கம்பெனிக்காரர்கள் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கன்றுகளாகத்தான் கொண்டுவந்தார்கள்.

இன்று வேறு வழி உண்டு. விதைக்குள் இருக்கும் கருவை மட்டும் நறுக்கியெடுத்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 பாகையில் உறைய வைக்கிறார்கள். முழுக் கொட்டையை அப்படி வைத்தால் உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகி உயிரணுக்களைக் கிழித்துவிடும். சில பயிர்களுக்கு இது கைகொடுத்திருக்கிறது. ஆனால் டுரியானில் இன்னொரு சிக்கல்: அங் ஹே கொட்டை முளைத்தாலும் அதே அங் ஹே வராது. தாய்மரத்திலிருந்து ஒட்டுக் கட்டினால்தான் அந்த ருசி.

ஆக, இந்த ருசிக்கு மரமே வங்கி. அதுவும் பெயர் பெற்ற ரகங்களைத்தான் ஊரெல்லாம் ஒட்டுக் கட்டுகிறார்கள். கொல்லையில் தனியாக நிற்கும் பெயரில்லாத கிழட்டு மரத்துக்கு நகல் கிடையாது. தீவில் நிலத்தின் விலை ஏறுகிற வேகத்தில், தோட்டத்தை விற்றுக் காசாக்கும் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். மரம் விழுந்தால் திரும்ப எடுக்க எந்தப் பெட்டகத்திலும் ஒன்றுமில்லை என்பது மட்டும் உறுத்துகிறது.

போனால் அந்தப் பெயரில்லாப் பழத்தையும் கேட்டு வாங்குங்கள், விலையும் குறைவு. பஸ்ஸில் ஏற்றவிட மாட்டார்கள், அங்கேயே தின்றுவிடுங்கள். கையில் கொண்டுவர ஜாதிக்காய் ஊறுகாய் இருக்கிறது.