பாண்தூள் தூவிய பீச்சி

இத்தாலியின் சியனா நகருக்குத் தெற்கே, 2004இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற ஓர்ச்சா பள்ளத்தாக்கில், ஒரு மதியம் 'பீச்சி' உண்டேன். கோதுமை மாவை நீர்விட்டுக் குழைத்து, ஒவ்வோர் இழையாகக் கையால் உருட்டிச் செய்யும் தடித்த பாஸ்தா அது. பெரும்பாலும் முட்டை சேர்ப்பதில்லை. ஒலிவ் எண்ணெயில் பொரித்த பழைய பாணின் தூளை மேலே தூவியிருந்தார்கள்.

"பாற்கட்டி இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

சமைத்த மூதாட்டி சொன்னதை உடன்வந்த நண்பர் மொழிபெயர்த்தார்: "பாற்கட்டி வாங்க வழியில்லாதவர்கள் கண்டுபிடித்த உணவு ஐயா இது. சிறுவயதில் இதைக் கண்டாலே அழுவேன். இன்று இதைத் தேடியே தூரதேசத்தவர் வருகிறார்கள்."

அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஒரு துகளும் மிஞ்சாமல் உண்டு முடித்தேன். கேட்ட கேள்விக்கு வேறெப்படி மன்னிப்புக் கோருவது?