தச்சனின் பெயர்

நாம் ஆசிரியத் தொழிலை ஏற்ற இரண்டாம் வருடத்தில் நடந்த ஒரு சிறு சம்பவத்தை முதலிற் சொல்லிவிடுதல் நலம். அது எமக்குப் பெருமை தருவதன்று. தமிழ்ப் பாடவேளையிற் கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன், பாடசாலை நூலகத்துத் தேசப்படப் புத்தகத்தைப் பாடநூலின் கீழ் மறைத்து வைத்து, அதிற் பென்சிலாற் கோடு ஒன்று இழுத்துக்கொண்டிருந்தான். அக்கோடு எமது தீவின் தென்கோடியிலுள்ள தெய்வேந்திரமுனையிற் தொடங்கி, இந்து சமுத்திரத்தை ஊடறுத்து, படத்தின் அடியிலிருந்த வெண்பரப்பிற் போய் முடிந்தது. "சேர், இஞ்ச இருந்து நேர தெற்க போனா ஒரு கரையும் இல்லை. பனிதான் வருது" என்றான் அவன். "இது தமிழ்ப்பாடம், பூமிசாஸ்திரமன்று" என்று கூறி நாம் புத்தகத்தைப் பறித்து, மணி அடிக்கும்வரை அவனை எழுந்து நிற்கவைத்தோம்.

அவன் சொன்னது முற்றிலும் உண்மை. தெய்வேந்திரமுனைக்கும் அந்தாட்டிக்காக் கண்டத்துக்கும் இடையே, நேர்தெற்காக, சுமார் 8,000 கிலோமீற்றர் தூரத்துக்கு நிலம் என்பதே இல்லை. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் தமிழ் கற்று வெளிவந்த நாம் அதனை அன்று அறிந்திருக்கவில்லை. அறியாமையை மறைப்பதற்கு ஆசிரியர்க்குக் கோபம் எளிதிற் கைகொடுக்கின்றது.

அந்த மாணவன் இப்பொழுது அந்தப் பனியைப் பார்த்துவிட்டான். பயணியாக அன்று, பயணிகளின் படுக்கை விரிப்பவனாக. உயர்தரப் பரீட்சையில் அவன் தேறவில்லை. வீட்டிற் கடன் இருந்தது. ஹோட்டல் ஒன்றில் வேலை பழகி, முகவர் ஒருவருக்குப் பணம் கட்டிக் கப்பலேறினான். சென்ற தென்கோடைப் பருவத்தில் அவன் வேலை செய்தது, நூறு பேருக்குச் சற்று மேற்பட்ட பயணிகளை ஏற்றித் துருவக் கடலுக்குச் செல்லும் ஒரு சிறு கப்பலில். அங்கிருந்து அவன் கைத்தொலைபேசியில் அனுப்பிய படம் ஒன்று, ஆசிரியர் ஓய்வறையில் நாம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த வேளையில் வந்து சேர்ந்தது. வட்டமான சிறு யன்னல். அதற்கப்பால் நீலம் பாய்ந்த பனிமலை. கீழே, "சேர், கோடு சரிதான்" என்று எழுதியிருந்தான்.

இத்தகைய பயணங்களைப் பற்றி எமது வாசகர் பலர் அறிந்திருக்கமாட்டார். ஆர்ஜென்ரீனாவின் தென்கோடித் துறைமுகமான உசுவாயாவிலிருந்து, நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடைப்பட்ட காலத்தில், இக்கப்பல்கள் புறப்படுகின்றன. உலகின் கொந்தளிப்பு மிக்க கடல்களில் ஒன்றாகிய டிரேக் நீரிணையை ஏறக்குறைய இரண்டு நாளிற் கடந்தால் அந்தாட்டிக்காத் தீபகற்பம். சில கப்பல்கள் போக்லாந்துத் தீவுகள், தென் ஜோர்ஜியா, யானைத் தீவு எனச் சுற்றி, மூன்று வாரமளவிற் திரும்புகின்றன. 1966ஆம் ஆண்டு, சுவீடனிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்பவர் ஒரு பயணிகள் கூட்டத்தை அங்கு அழைத்துச் சென்றார். 1969இல் இதற்கென்றே ஒரு சிறு கப்பலையும் கட்டுவித்தார். பிற்காலத்தில் வேறு கைகளுக்கு மாறிய அதே கப்பல், 2007 நவம்பர் 23ஆம் நாள், தென் ஷெட்லாந்துத் தீவுகளின் அருகே பனியில் மோதி மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் உயிர்காப்பு வள்ளங்களிற் காத்திருந்து, அவ்வழியால் வந்த நோர்வேக் கப்பலொன்றினாற் காப்பாற்றப்பட்டனர். பயணியும் பணியாளனும் ஒரே வள்ளத்தில் ஒன்றாக நடுங்கிய நேரம் அதுவாயிருக்கும்.

மாணவனின் படத்துக்கு நாம் எழுதிய பதிலை இப்பொழுது நினைக்க நாணுகின்றோம். உலகின் கடைசி வெண்மையையும் செல்வர் விலைக்கு வாங்கிவிட்டனர் என்றும், உழைப்பவனுக்கு அதன் யன்னலைத் துடைக்கும் உரிமையே கிடைத்துள்ளது என்றும் ஒரு சொற்பொழிவையே எழுதி அனுப்பினோம். பயணி ஒருவர் செலுத்தும் பணம் எமது பல வருடச் சம்பளம். அவர் ஒரு நாளுக்குச் செலுத்துவதும் தன்னுடைய ஒரு மாதச் சம்பளமும் ஏறக்குறைய ஒன்று என்று அவனே கணக்குச் சொன்னான். அவ்வாறிருக்க, எமது சொற்பொழிவிற் பிழை என்ன?

பிழையை அவனே மெல்ல எடுத்துக்காட்டினான். தான் கூட்டிப் பெருக்கும் அறைகளுள் ஒன்றில், இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் இருக்கின்றார் என்று எழுதினான். பல வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்திற் தனியே வந்தவர். முதற் பனிமலையைக் கண்ட காலையில் மேற்தளத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். காலையில் தன் படுக்கையைத் தானே விரித்துவிட்டு, "உனக்கு ஐந்து நிமிடம் மிச்சம், யன்னலாற் பார்" என்று சொல்வாராம். கரையிறங்கும் ஒழுங்கைப் பற்றியும் எழுதினான். எவராயினும் தம் சப்பாத்தைக் கிருமிநாசினி நீரிற் கழுவித் தூரிகையாற் தேய்த்த பின்னரே இறப்பர் வள்ளத்தில் ஏறலாம். ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேற் கரையில் நிற்கலாகாது. பென்குவினுக்கு ஐந்து மீற்றர் இடம் விடவேண்டும். ஒரு கூழாங்கல்லையும் எடுத்து வரலாகாது. ஐந்நூறுக்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றிய கப்பல் எவரையும் இறக்கவே முடியாது. "இஞ்ச காசுக்காரரும் வரிசையில நிக்கினம் சேர்" என்பது அவன் வாக்கியம்.

இவ்வொழுங்குகள் வானத்திலிருந்து விழுந்தவையல்ல. அவன் சென்ற கப்பல் தங்கிய தென் ஜோர்ஜியாவின் கிறிற்விக்கன் துறையிலே அதற்கான சான்று துருப்பிடித்துக் கிடக்கின்றது. 1904இல் நோர்வேக்காரரான லார்சன் அங்கு திமிங்கில வேட்டை நிலையத்தை நிறுவினார். அறுபது வருடத்துக்கு மேல் இயங்கிய அத்தொழில், அத்தீவிலே மாத்திரம் 175,000 திமிங்கிலங்களுக்கு மேல் வெட்டிக் காய்ச்சியது. அந்த எண்ணெய் சவர்க்காரமாயிற்று, மாஜரீனாயிற்று, முதலாம் உலகயுத்தத்தில் வெடிமருந்துக்குரிய கிளிசரினுமாயிற்று. இலாபம் தானாக நின்றதில்லை. கொல்வதற்குத் திமிங்கிலம் அருகியபோதே நின்றது. பின்னர் நாடுகள் கூடி வணிக வேட்டைக்கு விதித்த தடை 1986இல் நடைமுறைக்கு வந்தது. 2020இல் விஞ்ஞானிகள் அக்கடலில் நடத்திய கணக்கெடுப்பில் 55 நீலத்திமிங்கிலங்கள் கண்ணுற்றன. சட்டம் மந்தமாக வேலை செய்கின்றது. எனினும் வேலை செய்கின்றது.

கிறிற்விக்கனுக்கு முந்திய நாளிரவு அவனிடமிருந்து வந்த செய்தி ஒரு கேள்வி. கப்பலின் விரிவுரை மண்டபத்தில் ஷக்கிள்டன் என்னும் பிரித்தானியத் துருவப் பயணத் தலைவனைப் பற்றிப் பேச்சு நடந்தது. பயணிகளுக்குத் தேநீர் கொண்டு சென்ற இவன் கதவடியில் நின்று கேட்டிருக்கின்றான். "சேர், ஷக்கிள்டன் ஒரு சின்ன வள்ளத்தில கடலைக் கடந்து வந்தவராம். அந்த வள்ளத்தைச் செம்மைப்படுத்தினது ஒரு தச்சனாம். அவருக்கு என்ன நடந்தது? பேச்சில சொல்லேல்லை."

எமக்குத் தெரியாது. ஆனால் இம்முறை நாம் கோபிக்கவில்லை. அன்றிரவு தேடிப் படித்து எழுதினோம்.

தச்சனின் பெயர் ஹரி மக்னிஷ், ஸ்கொட்லாந்துக்காரன். 1915இல் 'என்டூரன்ஸ்' கப்பலைப் பனி நெரித்து மூழ்கடித்தது. பனிமேல் வள்ளங்களை இழுத்துச் செல்லும் கொடிய வேலையின் நடுவே, ஒருநாள் அவன் கட்டளையை மறுத்து நின்றான். கப்பல் மூழ்கியதோடு வேலை ஒப்பந்தமும் முடிந்தது. இனிக் கட்டளையிட உமக்கு என்ன உரிமை என்பது அவன் வாதம். ஒப்பந்தம் இன்னும் உயிரோடிருக்கின்றது என்று கூறி ஷக்கிள்டன் அவனை அடக்கினார். சில மாதங்களின் பின் 28 பேரும் யானைத் தீவை அடைந்தனர். உதவி தேடித் தென் ஜோர்ஜியாவுக்கு ஏழு மீற்றர் நீளமும் நிறையாத வள்ளமொன்றிற் செல்லவேண்டியிருந்தது. பெட்டிப் பலகை, சறுக்குவண்டிச் சட்டம், கன்வஸ் துணி ஆகியவற்றைக் கொண்டு அந்த வள்ளத்தின் பக்கங்களை உயர்த்தி மேற்தளமிட்டவன் மக்னிஷ். இடுக்குகளை விளக்குத்திரியாலும் ஓவியனின் வர்ணத்தாலும் கடல்நாயின் இரத்தத்தாலும் அடைத்தான். 1916 ஏப்பிரல் 24இற் புறப்பட்ட ஆறு பேரில் அவனும் ஒருவன். ஏறக்குறைய 1,300 கிலோமீற்றர் கடந்து மே 10இற் கரை சேர்ந்தனர். ஆகஸ்ட் 30இல், சிலி நாட்டின் சிறு கப்பலொன்று எஞ்சிய 22 பேரையும் மீட்டது.

பின்னர் துருவப் பதக்கம் வழங்கும் காலம் வந்தது. ஷக்கிள்டன் நால்வருக்குப் பதக்கம் வேண்டாம் என்றார். மக்னிஷ் அவர்களுள் ஒருவன். எதிர்த்து நின்ற ஒருநாள், வள்ளம் கட்டிய கைகளைவிடப் பாரமாயிற்று. அவன் 1930இல் நியூசிலாந்தின் வெலிங்ரன் நகரில் வறுமையிற் காலமானான். 1959வரை அவன் புதைகுழிக்கு ஒரு கல்லும் இல்லை. ஷக்கிள்டனோ 1922இல் கிறிற்விக்கனில் அடக்கஞ்செய்யப்பட்டார். அங்கு வரும் பயணிகள் அவர் கல்லறையருகே மதுக்கிண்ணம் உயர்த்துவது இன்று வழக்கமாகிவிட்டது. ஷக்கிள்டனின் துணிவை நாம் குறைத்துக் கூறவில்லை. 'என்டூரன்ஸ்' கப்பலிற் தன்னோடு சென்ற ஆட்கள் அத்தனை பேரையும் அவர் உயிருடன் மீட்டார். ஆயின் ஒரு கணக்கில் ஒரு பக்கத்தை மாத்திரம் படிப்பது கணக்காகாது.

இதனை எழுதியபின், பெரிய விரிவுரை மண்டபம் ஒன்றும் எம் நினைவுக்கு வந்தது. 1959 டிசெம்பர் 1ஆம் நாள் அந்தாட்டிக்கா ஒப்பந்தம் கைச்சாத்தானபோது மேசையில் இருந்தவை பன்னிரண்டு நாடுகள். ஆசியாவிலிருந்து யப்பான் மாத்திரம்; ஆபிரிக்காவிலிருந்து நிறவெறி ஆட்சியிலிருந்த தென்னாபிரிக்கா மாத்திரம். 1956இல் இந்தியா இவ்விடயத்தை ஐக்கிய நாடுகள் சபையில் எழுப்ப முயன்றது. 1983இல் மலேசியா அதனை அங்கு கொண்டுவந்தது. அவர்கள் கேட்டதும் எம் மாணவன் கதவடியில் நின்று கேட்டதும் ஓரினக் கேள்விதான். ஒப்பந்தத்தின் நன்மையை மறுப்பது நியாயமன்று. அது படைகளைத் தடுத்தது. நில உரிமைச் சண்டையை நிறுத்திவைத்தது. 1991இற் செய்யப்பட்ட உடன்பாடு கனிய அகழ்வையும் தடைசெய்தது. எவருக்கும் சொந்தமில்லாத ஒரு கண்டம் பூமியில் உண்டு என்பது எம்மைப் போன்றோர்க்கு மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அங்கு செல்லும் வாயிலிற் பணம் கேட்கப்படுகின்றது.

பணம் மாத்திரமன்று. 2023-2024 பருவத்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் அங்கு சென்றனர். கப்பற் புகையின் கரி பனியிற் படிந்து, பனியைக் கறுக்கச் செய்து, வெயிலை உறிஞ்ச வைக்கின்றது. ஒவ்வொரு பயணியின் வருகையும் சுமார் 83 தொன் பனி விரைந்து உருகக் காரணமாகின்றது என 2022இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. சப்பாத்தைத் தேய்த்துக் கழுவியவர் மூக்குக்கு மேலே புகைபோக்கி நிற்கின்றது. அந்த இளைப்பாறிய ஆசிரியையும் இதனை அறிந்திருப்பார். அவர் கண்ணீரின் ஒரு பகுதி அதற்காகவும் இருந்திருக்கலாம். உருகும் நீருக்குக் கரை எது என்று பேதமில்லை. எம் மாணவனின் வீடும் கடலிலிருந்து கூப்பிடு தூரத்திலேதான் இருக்கின்றது.

பயணத்தின் கடைசி இறக்கத்தில், வேலை முடித்த பணியாளர்க்கும் கரையேற அனுமதி கிடைத்தது. நாற்பது நிமிடம். அவன் சப்பாத்தைத் தேய்த்துக் கழுவி, வரிசையில் நின்று, வள்ளத்தில் ஏறிப் போனான். அங்கு என்ன செய்தாய் என்று கேட்டோம். "ஒண்டும் செய்யேல்லை சேர். வடக்குப் பக்கம் எது எண்டு கேட்டுப்போட்டுக் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றான். அடுத்த பருவத்துக்கும் கையெழுத்திட்டிருக்கின்றான். வீட்டுக் கடன் இன்னும் தீரவில்லை. இம்முறை தச்சனைப் பற்றி விரிவுரையாளரிடம் தானே கேட்கப்போவதாகச் சொல்கின்றான். பணியாளன் பேச்சின் நடுவே கேள்வி கேட்பது அங்கு வழக்கமா என்பது அவனுக்குத் தெரியாது. தேநீர் கொடுத்து முடிந்த பின் கேட்பானாம்.

சென்ற வாரம் நூலகத்தில் அந்தத் தேசப்படப் புத்தகத்தைத் தேடி எடுத்தோம். அட்டை கிழிந்திருந்தது, கோடு அப்படியே இருந்தது. அதனைப் பத்தாம் வகுப்புக்குக் கொண்டு சென்று, தமிழ்ப் பாடவேளையிலேயே மேசைமேல் விரித்து வைத்தோம். கடைசி வாங்கிலிருந்து இருவர் எழுந்து வந்து பார்த்தனர். ஒருவன், "சேர், இதை யார் கீறினது?" என்று கேட்டான். நாம் பெயரைச் சொன்னோம்.