பந்தல் பிரித்த பிறகு...



மாநாடு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது என்ன? லாரி லாரியாக ஆட்கள், ரோட்டை அடைத்த வளைவுகள், காதைக் கிழிக்கும் ஒலிபெருக்கி, பிரியாணிப் பொட்டலம், மறுநாள் காலையில் மைதானம் முழுக்கக் காலித் தண்ணீர்ப் பாக்கெட்! நான் எழுத வந்தது அந்த மாநாடுகளைப் பற்றி அல்ல. டாக்டர்கள் கூடுகிறார்கள், விஞ்ஞானிகள் கூடுகிறார்கள், டிராக்டர் விற்கும் டீலர்கள் கூடுகிறார்கள், பேராசிரியர்கள் கட்டுரை வாசிக்கக் கூடுகிறார்கள். இப்படி ஒரு ஊரில் வந்து கூடுவதே இன்று ஒரு தொழில். கூட்டங்கள், ஊக்கப் பயணங்கள், மாநாடுகள், கண்காட்சிகள் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதற்கு 'மைஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இது நேற்று முளைத்ததல்ல. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து வியாபாரிகள் 1896-லேயே, "எங்கள் ஊரில் வந்து மாநாடு நடத்துங்கள்" என்று அழைப்பதற்காகவே ஒரு அலுவலகம் திறந்தார்கள். நம் நாட்டில் அந்த வேலைக்கென்று 1988-ல் ஒரு அமைப்பு தொடங்கப்பட்டது.

ஏன் இந்தப் போட்டி? பெரிய கோயிலைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணி காலையில் பஸ்ஸில் இறங்குகிறார், கோபுரத்தைப் பார்க்கிறார், நந்தி பக்கத்தில் போட்டோ எடுக்கிறார், மத்தியானம் கும்பகோணம் பஸ் ஏறிவிடுகிறார். கூட்டத்துக்கு வருகிறவர் அப்படி இல்லை. இரண்டு மூன்று ராத்திரி தங்குகிறார், அதுவும் வார நாட்களில். தேதி முன்கூட்டியே தெரியும். பெரும்பாலும் செலவு அவருடைய கம்பெனியுடையது. ஒருவராக வருவதில்லை, நூறு பேராக வருகிறார்.

"சரிப்பா, இதெல்லாம் ஓட்டல் முதலாளிக்கு. டிப்ளமோ படிக்கிற நமக்கு என்ன?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. 2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. மண்ணையும் தண்ணீரையும் கெடுக்கும் சில பெரிய தொழில்கள் இனி இங்கே புதிதாக வர முடியாது. விவசாயி வீட்டுப் பிள்ளையாக நான் அதை வரவேற்கிறேன். ஆனால் சான்றிதழைக் கையில் வாங்கிய மறுமாதமே நம் சீனியர்கள் எங்கே இருக்கிறார்கள்? ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், திருப்பூர். வயலைக் கெடுக்காமல் ஊரிலேயே கிடைக்கும் வேலை எது என்று தேடுகிறவன் இந்தத் தொழிலையும் ஒரு கண் பார்க்கத்தான் வேண்டும்.

இருநூறு பேர், இரண்டு நாள்

எங்கள் சித்தப்பா பந்தல், நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். போன செமஸ்டர் விடுமுறையில் அவரோடு ஒரு வேலைக்குப் போனேன். ஒரு கம்பெனி தன் டீலர்களையெல்லாம் தஞ்சாவூருக்கு அழைத்து இரண்டு நாள் கூட்டம் போட்டது. பெயர் வேண்டாம். வந்தவர்கள் சுமார் இருநூறு பேர். ஏற்பாடு முழுவதும் வெளியூர் ஏஜென்சி ஒன்றிடம்.

அவர்கள் லாரியிலிருந்து என்னென்ன இறங்கியது தெரியுமா? மேடைச் சட்டம், மேடைத் துணி, எல்.இ.டி. திரை, ஸ்பீக்கர், மைக், டீ ஊற்றும் பையன்கள் வரை எல்லாம் வெளியூர்! பரிசுப் பை இருநூறு. ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக்கில் வார்த்த ஒரு கோபுரம். நம் ஊருக்குக் கிடைத்தது நாற்காலி வாடகை, சாப்பாட்டுக்கு ஒரு ஷாமியானா, திருவையாற்றுப் பக்கத்து வாழை இலை, வாசலுக்கு வாழை மரமும் பூவும், நாலைந்து வேன் சவாரி. அவ்வளவுதான். அறை வாடகை ஓட்டலோடு முடிந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த ஏஜென்சியின் சூப்பர்வைசரிடமே கேட்டுவிட்டேன். "ஏன் சார், தலையாட்டி பொம்மை இங்கதான செய்யறாங்க? அதை விட்டுட்டு பிளாஸ்டிக் கோபுரத்தை லாரியில ஏத்திக்கிட்டு வந்திருக்கீங்களே?"

அவர் கோபப்படவில்லை. "தம்பி, ஒரே சைஸு, ஒரே தரம், இருநூறு பீஸு, சொன்ன தேதிக்கு, பில்லோட யார் குடுப்பா சொல்லு. பொம்மைக்கு ஒருத்தர்கிட்ட, பைக்கு ஒருத்தர்கிட்ட, மைக்குக்கு ஒருத்தர்கிட்ட நான் அலைய முடியுமா? ஒரு போன் போட்டா எல்லாம் வந்து இறங்கும்னா, நான் எதுக்கு லாரி வாடகை குடுக்கறேன்?" என்றார்.

திரும்பி வரும்போது சித்தப்பாவிடம் சொன்னேன். "அவரு சொல்றதுல தப்பு இல்லடா. ஆனா நம்மகிட்ட வந்து யாரு கேட்டா? கேட்டிருந்தா நான் ஏற்பாடு பண்ணியிருக்க மாட்டேனா?" என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் நிஜம். பொம்மை செய்கிறவர் இருக்கிறார், வாங்குகிறவரும் இருக்கிறார். நடுவில் பொறுப்பேற்றுப் பட்டியல் போட்டு, பில் போட்டு, நேரத்துக்குக் கொண்டுவந்து இறக்கும் ஆள்தான் இல்லை. நமக்குத் தெரிந்த கணக்குதான் இது. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் மட்டும் போதுமா? வாய்க்கால் தூர் வாரி வைத்திருந்தால்தானே கடைமடைக்குப் போய்ச் சேரும்!

1995

தஞ்சாவூருக்கு இந்த அனுபவம் பெரிய அளவில் ஒருமுறை கிடைத்தது. எட்டாவது உலகத் தமிழ் மாநாடு 1995 ஜனவரி முதல் வாரத்தில் இங்கேதான் நடந்தது. 1964-ல் டெல்லியில் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் மாநாட்டு வரிசை அது. தனிநாயகம் அடிகளார் முன்னின்று நடத்திய முதல் மாநாடு 1966-ல் கோலாலம்பூரில். பிறகு சென்னை, பாரீஸ், யாழ்ப்பாணம், மதுரை, மறுபடி கோலாலம்பூர், மொரீஷியஸ் எல்லாம் சுற்றி நம் ஊருக்கு வந்தது.

சித்தப்பா அப்போது பள்ளிக்கூடப் பையன். தாத்தாவோடு சேர்ந்து மூங்கில் சுமந்தாராம். "அந்த வருஷம் எங்க வீட்டுல பொங்கலுக்கு எல்லாருக்கும் ரெண்டு செட்டு துணிடா" என்று இன்னும் சொல்வார். பந்தல்காரருக்கு அது ஒரு பொங்கல். ஊருக்கு என்ன மிஞ்சியது? இராசராசன் மணிமண்டபம் மிஞ்சியது. தொல்காப்பியர் சதுக்கம் மிஞ்சியது. இன்றும் அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் நாம் ஆட்டோவுக்கு வழி சொல்கிறோம்.

ஒரு கசப்பும் மிஞ்சியது. மாநாட்டுக்கென்று வந்த இலங்கைத் தமிழறிஞர்கள் சிலர் கலந்துகொள்ள முடியாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பேராசிரியர் கா. சிவத்தம்பி அவர்களில் ஒருவர். 2010-ல் கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டில் அவர் பங்கேற்றார் என்பது ஆறுதல். கூட்டம் நடத்தும் ஊருக்கு மண்டபம் எவ்வளவு முக்கியமோ, அதைவிட முக்கியம் வந்தவரை உட்கார வைத்துப் பேச விடுவது. கட்டடத்தைப் பற்றி வந்தவர் பேசுவார், அவமானத்தை மறக்கவே மாட்டார்.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். 1981-ல் ஐந்தாம் மாநாடு நடந்தது மதுரையில். அதை ஒட்டி அதே ஆண்டு பிறந்த தமிழ்ப் பல்கலைக்கழகம் வந்து சேர்ந்தது தஞ்சாவூருக்கு! மாநாடு சில நாளில் முடிந்தது. பல்கலைக்கழகமோ கருத்தரங்கு, பயிலரங்கு என்று இன்றுவரை ஆட்களை ஊருக்கு வரவழைத்துக்கொண்டிருக்கிறது. பெரிய கூட்டம் ஒன்று விட்டுப் போவதில் மிகவும் உபயோகமானது, அடுத்தடுத்த கூட்டங்களைக் கூட்டுகிற ஒரு நிறுவனம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

திருவையாறும் ஆதிரெங்கமும்

பெரிய மாநாடு எப்போதோ ஒருமுறை வரும். வருடா வருடம் வருவது எது? திருவையாறு தியாகராஜர் ஆராதனை. 1847-ல் மறைந்த தியாகராஜருக்குக் காவிரிக் கரையில் 1920-களில் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தன் சொத்தையெல்லாம் அதற்கே செலவழித்தவர். தை மாத வாக்கில் புஷ்ய பகுள பஞ்சமியன்று பாடகர்கள் ஒன்றாக உட்கார்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். வானொலி அதை ஒலிபரப்புகிறது. ஊருக்கு இதில் என்ன லாபம் என்றால், தேதி தெரியும். பஞ்சாங்கம் பார்த்தே ஓட்டல்காரர், வேன்காரர், பூக்காரம்மா எல்லோரும் தயாராகிவிடலாம். யாரும் விளம்பரம் செய்து அழைக்க வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த கூட்டம் இன்னொன்று. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கம் என்ற கிராமத்தில் 'நெல்' ஜெயராமன் தொடங்கி நடத்திய நெல் திருவிழா. நம்மாழ்வார் ஐயாவின் வழியில் வந்தவர் அவர். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், கருப்புக் கவுனி என்று 174 பாரம்பரிய நெல் வகைகளைத் தேடிச் சேர்த்தார். 2018 டிசம்பரில் காலமானார்.

அங்கே குளிர்சாதன மண்டபம் கிடையாது. பேச்சு உண்டு, சாப்பாடு உண்டு. வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ விதை நெல் கொடுப்பார்கள். பணம் வேண்டாம். ஒரே நிபந்தனை, அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அது வேறு இரண்டு பேருக்குப் போகும். நடத்திய காலத்தையும் கவனியுங்கள். மே மாத வாக்கில், சம்பா, தாளடி அறுவடையெல்லாம் முடிந்து, ஜூன் 12 மேட்டூர்த் திறப்புக்கு முன்னால். விவசாயிக்கு ஓய்வும் அப்போதுதான், விதை தேடும் நேரமும் அப்போதுதான்.

எந்த மேலாண்மைப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவான கணக்கை நான் படிக்கவில்லை. ஒரு கூட்டம் ஊருக்கு நல்லதா என்று தெரிய வேண்டுமா? எத்தனை பேர் வந்தார்கள், எந்த மந்திரி வந்தார் என்று கேட்காதீர்கள். பந்தல் பிரித்த பிறகு ஊரில் தங்கியது எவ்வளவு, அடுத்த வருடம் அது இரட்டிப்பாகுமா என்று கேளுங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், பெரிய மாநாட்டு மண்டபம் கட்டினால்தான் எல்லாம் வரும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் சிவில் மாணவன். கட்டடம் என்றால் எனக்கும் ஆசைதான். ஆனால் நஞ்சையைத் தூர்த்து மண்டபமும் கார் நிறுத்துமிடமும் போட்டு, அதில் வருடத்துக்கு முப்பது கல்யாணம் நடத்துவதில் என்ன பெருமை? தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது. ஆடுதுறையில் 1922-லிருந்து நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நூறு இருநூறு பேர் கூடும் கூட்டங்களுக்கு இவையும் நம் ஓட்டல்களும் போதும். நெல், உணவு, கோயில் கட்டடக் கலை, சங்கீதம் இவற்றைப் பற்றிக் கூட நினைப்பவர்களுக்குத் தஞ்சாவூரைவிடப் பொருத்தமான ஊர் எது?

இரண்டாவது, கூட்டம் நடத்துவதில் நம் படிப்புக்கு வேலை இருக்கிறது. மேடையும் பந்தலும் எவ்வளவு பாரமும் காற்றும் தாங்கும் என்று பார்ப்பது சிவில், மெக்கானிக்கல் வேலை. ஜெனரேட்டர், ஒயரிங், லோடு கணக்கு எலெக்ட்ரிக்கல் வேலை. மைக், திரை, கேமரா எலெக்ட்ரானிக்ஸ் வேலை. இதில் விளையாட்டே கூடாது. 1997 ஜூன் 7-ந் தேதி பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்ததை நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. பந்தலில் வெளியேறும் வழி எத்தனை, தீயணைப்பான் எங்கே என்று கேட்கத் தெரிந்த ஒருவன் ஒவ்வொரு கூட்டத்திலும் இருக்க வேண்டும். அவன் நம்மில் ஒருவனாக ஏன் இருக்கக் கூடாது?

மூன்றாவது, அந்த சூப்பர்வைசர் தேடிய 'ஒரு போன்' ஆளாக நாம் ஆக வேண்டும். பொம்மைக்காரர், தட்டுக்காரர், நாச்சியார்கோவில் விளக்குக்காரர், சமையல் மாஸ்டர், வேன்காரர், பந்தல்காரர் எல்லோரையும் ஒரே பட்டியலில் கொண்டுவந்து, விலையும் தேதியும் பேசி, முறையாகப் பில் போட்டால் போதும். வந்தவர்களை மறுநாள் தாராசுரத்துக்கும் சுவாமிமலைச் சிற்பிகளிடமும் அழைத்துப் போனால் ஒரு ராத்திரி கூடத் தங்குவார்கள். அந்த ஒரு ராத்திரி கடைமடைக்குப் பாயும் தண்ணீர்.

வேலையை இந்த விடுமுறையிலேயே ஆரம்பித்துவிட்டேன். சித்தப்பாவின் பழைய டைரியிலிருந்து இதுவரை முப்பத்தொரு பெயர்கள் எழுதியிருக்கிறேன். பொம்மை செய்கிறவர்கள் நான்கு பேர். ஒரே அளவில் இருநூறு பொம்மை தர எத்தனை நாள் ஆகும் என்று அவர்களிடம் கேட்டேன். மழை இல்லாத மாதமாக இருந்து, முன்பணமும் கிடைத்தால், நான்கு பேரும் சேர்ந்து ஒரு மாதத்தில் தருவதாகச் சொல்கிறார்கள். பில் போடுவதற்கு ஒரு சிறு நிறுவனமாகப் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கூட்டாளிகள் தேவை. எலெக்ட்ரிக்கலில் ஒருவர், எலெக்ட்ரானிக்ஸில் ஒருவர், கணக்கு எழுதத் தெரிந்த ஒரு தோழி கிடைத்தால் மிகவும் நல்லது. மூன்றாம் ஆண்டு சிவில் வகுப்பில், கடைசி பெஞ்சில் நான் இருப்பேன். வந்து பேசுங்கள்.