கரும்பாறை வெளியில் றொக்கெட் பயில்வோர்

நெவாடா மாநிலத்து ரீனோ நகரிலிருந்து கிழக்கே சென்று, வாட்ஸ்வேத் என்னுஞ் சிற்றூரிலே பெருந்தெருவை விட்டு வடக்கே திரும்பினால், அப்பால் ஏறக்குறைய 120 கிலோமீற்றர் தூரத்துக்கு மலையும் புதருமே வழித்துணை. இடையே பிரமிட் ஏரியை அண்டி வாழும் பையூட் மக்களின் ஊராகிய நிக்ஸன். பின்னர் ஜிப்சச் சுரங்கத்தால் உண்டான எம்பயர். முடிவிலே புகையிரதப் பாதையோரத்துக் கேர்லாக். அதற்கும் அப்பாற் கிடப்பதே ‘பிளாக் றொக்’ எனப்படும் கரும்பாறைப் பாலைவனம்.

பாலைவனம் என்றதும் மணற்குன்றுகளை எண்ணிவிடலாகாது. பனியூழிக் காலத்திலே பல நூறடி ஆழமாய்த் ததும்பிய லகொன்ரன் ஏரியின் வற்றிய அடித்தளம் இது. ஓடு பதித்தாற்போல வெடித்த வெளிறிய களிமண். மேடில்லை, பள்ளமில்லை, ஒதுங்கி நிற்க ஒரு மரமுமில்லை. 1997ஆம் ஆண்டு ஒலியின் வேகத்தையும் விஞ்சி ஒரு மோட்டார் வண்டி ஓடியது இவ்வெளியிலேதான். நாம் வந்ததோ வண்டியோட்டம் பார்க்கவன்று. தங் கையாற் செய்த றொக்கெட்டுகளை ஏவுவதற்கு ஆசிரியரும் மாணவரும், தொழிலாளரும் ஓய்வு பெற்றோரும் இங்கே கூடுகின்றனர். அவர்களைக் காணவே வந்தோம்.

இவ்வளவு பெரிய வெளி ஏன் வேண்டும் என்று கேட்கலாம். மேலே போவதற்கு அன்று, கீழே வருவதற்கு. உயரச் சென்ற றொக்கெட் பரசூட்டிலே தொங்கிக் காற்றோடு காற்றாய் வெகுதூரம் மிதந்து செல்லும். விழும் இடத்தில் வீடோ வீதியோ இருத்தலாகாது.

இப்பொழுதுபோக்கின் பிறப்பும் இத்தகைய அச்சத்தோடு தொடர்புடையதே. 1957இல் ஸ்புட்னிக் விண்ணேறியபின், அமெரிக்கச் சிறுவர் பலர் இரும்புக் குழாய்களில் வெடிமருந்தை அடைத்துப் பரீட்சித்தனர்; விரலிழந்தோரும் உயிரிழந்தோரும் உளர். நெப்ராஸ்கா மாநிலத்திற் பாதணிக் கடை நடத்திய ஓர்வில் கார்லைல் என்பார் 1954இலேயே இதற்கு மாற்றுவழி கண்டிருந்தார். றொக்கெட்டின் உடல் காகிதத்தாலும் மென்மரத்தாலும் ஆயது. மோட்டாரோ முன்கூட்டியே செய்து அடைக்கப்பட்டது, ஒருமுறை எரிந்தபின் மாற்றத்தக்கது. மருந்தைக் கையாலே கலக்கும் வேலை இல்லை. இன்று கடையில் வாங்கும் பாகப்பொதி ஒவ்வொன்றும் அந்த யோசனையின் வழிவந்ததே.

மோட்டார்களை ஆங்கில அகரவரிசையாலே தரம் பிரிக்கின்றனர். ‘ஏ’ என்பதன் கணத்தாக்கு 2.5 நியூற்றன் செக்கன் வரை. அடுத்தடுத்த எழுத்து ஒவ்வொன்றும் முன்னையதன் இரட்டிப்பு. இரட்டிப்பின் வல்லமையைச் சதுரங்கப் பலகைத் தானியக் கதையில் அறிந்தவர்களுக்கு, ‘எம்’ தரம் ‘ஏ’யினும் 4096 மடங்கு என்பது வியப்பளிக்காது. ‘ஈ’, ‘எஃப்’, ‘ஜீ’ மூன்றும் நடுத்தர வலுவுடையன. ‘எச்’ தொடங்கி உயர்வலு. சிறியவற்றிலே பெரும்பாலுங் கருமருந்து. பெரியவற்றிலே அமோனியம் பேர்குளோரேற்றை இறப்பர் போன்ற பசையிலே கலந்து இறுக்கிய எரிபொருள்.

மோட்டாரின் மேல் ‘எச் 128 – 10’ என எழுதியிருந்தால், சராசரி உந்துவிசை 128 நியூற்றன் என்பதும், எரிந்து முடிந்து 10 செக்கன் கழித்துப் பரசூட்டை வெளித்தள்ளும் சிறுவெடி நிகழும் என்பதும் பொருள். றொக்கெட்டின் நிறை உந்துவிசையின் மூன்றில் ஒன்றைத் தாண்டலாகாது என்பது விதி. ஆகவே இம்மோட்டார் நாலேகால் கிலோகிராமுக்கு மேல் தூக்கக்கூடாது.

புதிதாகத் தொடங்குவோர் அகலக் கால் வைத்தல் ஆகாது. 29 மில்லிமீற்றர் மோட்டார்க் குழாய் அமைந்த பொதியொன்றை வாங்குவதே நன்று என்பது எமது கருத்து. அதே உடலை முதலில் ‘எஃப்’, ‘ஜீ’ மோட்டார்களாற் பறக்கவிட்டுப் பழகி, கைவந்தபின் ‘எச்’சுக்கு ஏறலாம். தடித்த காகிதக் குழாயும் ஒட்டுப்பலகைச் செட்டைகளும் போதும். செட்டைகள் குழாயைத் துளைத்து உள்ளே மோட்டார்க் குழாயோடு எப்பொக்சிப் பசையால் ஒட்டப்படல் வேண்டும். புவியீர்ப்பு மையம் அமுக்க மையத்துக்கு முன்னே, குறைந்தது குழாயின் ஒரு விட்டமளவு தள்ளி இருத்தலும் வேண்டும். இன்றேல் றொக்கெட் நேரே செல்லாது சுழலும். வர்ணப் பூச்சுக்கு வாரக்கணக்காய்ச் செலவிட்டுப் பசை காயுமுன் பறக்கவிட ஓடிவருவோரும் உளராம்!

உயர்வலு மோட்டாரை வாங்குதற்குச் சான்றிதழ் வேண்டும். 18 வயது நிரம்பியவர் தாமே கட்டிய றொக்கெட்டை ‘எச்’ அல்லது ‘ஐ’ மோட்டாரால் ஏவி, பழுதின்றி மீட்டுக் காட்டினால் முதற்படி. இரண்டாம் படிக்கு எழுத்துப் பரீட்சையும் உண்டு. எவ்வளவு உயரம் சென்றது என்று ஒருவரும் கேட்பதில்லை.

நாம் சென்ற அன்று ஒரு பல்கலைக்கழக மாணவி முதற்படிக்கு வந்திருந்தார். அவருக்கு முன் ஏவிய ஒருவரின் றொக்கெட் பரசூட் விரியாமலே தலைகீழாய் வந்து களிமண்ணிற் செருகி நின்றது. “மண் மாதிரி எடுத்தாயிற்று” என்று கூட்டத்திற் பகடி எழுந்தது. மாணவி சிரிக்கவில்லை. நூறடிக்கு அப்பால் எல்லோரும் விலகியபின், ஐந்திலிருந்து கீழ்நோக்கி எண்ணினர். சீற்றம், ஒரு வெண்புகைக் கோடு, பின்னர் பேரமைதி. உச்சியிலே றொக்கெட் மெல்லச் சாய்ந்தது. மூக்குக் கீழ்நோக்கித் திரும்பியது. அவர் உதடுகள் செக்கன்களை எண்ணிக்கொண்டிருந்தன. ஒரு சிறு புகைத்திரள், அதன் பின்னே செம்மஞ்சட் துணி.

காற்று அதனை முக்கால் மைல் தூரம் இழுத்துச் சென்றது. நடந்து போய் எடுத்து வந்து மேசையில் வைத்தார். பரிசோதகர் செட்டை ஒவ்வொன்றையும் விரலால் அசைத்துப் பார்த்தார். ஒன்றில் வர்ணம் உரிந்திருந்ததைக் கண்டு சிறிது நின்றார், மீண்டும் அசைத்தார், அது அசையவில்லை. பேனையை எடுத்தார்.

இன்னும் உயரம் விரும்புவோர்க்கும் இதே வெளிதான். 2004ஆம் ஆண்டு மே 17ஆந் திகதி தனியார் குழுவொன்றின் றொக்கெட் 100 கிலோமீற்றருக்கு மேற்சென்று விண்வெளியைத் தொட்டது இங்கிருந்தே. ஆயினும் மாணவர் அறியவேண்டியது வேறொன்று. 1999 முதல், ஏரோபாக் என்னும் சங்கத்தார் தமது ‘எம்’ தரத்து றொக்கெட்டுகளில், குளிர்பானத் தகரமளவான மாணவர் செய்மதிகளைச் சுமார் 12,000 அடிக்கு ஏற்றிச்சென்று விடுகின்றனர். அவ்வாண்டு வந்த ரோக்கியோ மாணவர்களின் பல்கலைக்கழகங்கள் இரண்டும் 2003 ஜூன் 30இல் மெய்யான சிறு செய்மதிகளைப் புவியைச் சுற்ற அனுப்பின.

மழைக்காலத்தில் இங்கே வருதல் வீண்; களி சக்கரத்தை விழுங்கிவிடும். கோடையிலும் தண்ணீரும் எரிபொருளும் கையோடு கொண்டுவரல் வேண்டும். மாலையானதும் ஏவுதண்டுகளைக் கழற்றி வண்டியில் ஏற்றுகின்றனர். பின்னர் எல்லோரும் வரிசையாய்க் குனிந்து நடந்து, கருகிய காகிதத் துணுக்கையும் அறுந்த கம்பியையும் பொறுக்கி எடுத்துக்கொண்டே கேர்லாக் திரும்புகின்றனர்.