பனிக்கு அந்தப் பக்கம் பழவேற்காடு

பொன்னேரியில் பேருந்து ஏறியபோது என் பையில் ஒரு வடதுருவப் பயணக் கதை இருந்தது. தை மாத வெயிலுக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. புத்தகத்துக்குள்ளே நரித்தோல் குல்லாய் போட்டவர்கள் பனிக்கரடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஆர்க்டிக்கைப் பற்றி எழுதுகிறவனுக்குப் பழவேற்காட்டில் என்ன வேலை?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பழைய பயணங்களின் தடம் தேடிப் போகிறவர்கள் அவை புறப்பட்ட துறைமுகத்துக்குப் போகிறார்கள், இல்லையென்றால் பனியில் மாட்டிக்கொண்ட இடத்துக்கு. அந்த மாலுமிகள் எங்கே போய்ச்சேர ஆசைப்பட்டார்களோ, அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. டச்சு மாலுமி வில்லெம் பாரன்ட்ஸ் கையில் வைத்திருந்த முகவரி சீனாவும் கிழக்குத் தீவுகளும். பழவேற்காடு அதே தெருவில் உள்ள வீடு.

ஆப்பிரிக்காவைச் சுற்றும் வழி போர்த்துகீசியர் பிடியில் இருந்தது. அதனால் ரஷ்யாவின் தலைக்கு மேலே பனிக்கடல் வழியாகவே கிழக்கே போய்விடலாம் என்று டச்சுக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். 1594, 1595 என்று இரண்டு முறை முயன்று திரும்பினார்கள். அந்த இரண்டிலும் போனவர் லின்ஸ்கோட்டன். 1580களில் கோவாவில் பேராயரிடம் எழுத்தராக இருந்தவர். நம் வெயிலை ஐந்து வருடம் தின்றுவிட்டுப் பனிக்குள் போன மனிதர் அவர் என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் சிரிப்பு வருகிறது.

மூன்றாவது முறை, 1596இல், பாரன்ட்ஸும் கப்பல் தலைவர் ஹீம்ஸ்கெர்க்கும் போன கப்பலை நோவாயா செம்லியா தீவோரம் பனி நெரித்துவிட்டது. கரை ஒதுங்கிய மரங்களையும் கப்பல் பலகைகளையும் கொண்டு ஒரு வீடு கட்டி 17 பேர் குளிர்காலத்தைக் கழித்தார்கள். கடிகாரம் உறைந்து நின்றது. மணல்கடிகையைத் திருப்பித் திருப்பி நாளை எண்ணினார்கள். நவம்பரில் மறைந்த சூரியன் ஜனவரி 24இல் விளிம்பு காட்டியது. கணக்குப்படி இன்னும் இரண்டு வாரம் கழித்துத்தான் அது வந்திருக்க வேண்டும். பொய் சொல்கிறார்கள் என்று ஊரில் பலர் நினைத்தார்கள். குளிர்ந்த காற்றடுக்குகளில் ஒளி வளைந்து வரும் கானல்தான் அது என்று பிற்காலத்தில் புரிந்தது. ஜூனில் இரண்டு திறந்த படகுகளில் கிளம்பினார்கள். ஒரு வாரத்துக்குள் பாரன்ட்ஸ் இறந்தார். 12 பேர் 1597 நவம்பர் 1இல் ஆம்ஸ்டர்டாம் சேர்ந்தார்கள்.

அந்தப் படகுகளில் உயிரோடு சேர்த்து எதை ஏற்றினார்கள் தெரியுமா? விற்கக் கொண்டுபோன கம்பளித் துணியும் வெல்வெட்டும்! கீழைநாட்டுக்குத் துணி விற்கக் கிளம்பியவர்கள். அதே நாட்டார் பத்துப் பதினைந்து வருடத்தில் ஆப்பிரிக்க வழியாகவே பழவேற்காட்டுக்கு வந்து துணி வாங்கினார்கள். மிளகும் கிராம்பும் வைத்திருந்த தீவுக்காரர்கள் கேட்டது சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியைத்தான். 1610இல் இங்கே பண்டகசாலை, 1613இல் கெல்டிரியா கோட்டை. பண்டகசாலை வைப்பதற்கு முந்தின வருடம், 1609இல்கூட, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஹென்றி ஹட்சனைப் பனிவழி தேட அனுப்பிப் பார்த்தது. அவர் பனியைக் கண்டு திரும்பி அமெரிக்காப் பக்கம் போய்விட்டார்.

கோட்டை இப்போது சீமைக் கருவேலங்காட்டுக்குள் ஒரு மேடு. கல்லறைத் தோட்டம்தான் மிச்சம். வாசலில் இரண்டு கல் எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே ஒரு பலகைக்கல்லில் விரலை ஓட்டினேன். எழுத்துப் பள்ளங்களில் மணல்; ஊதினால் ஒரு 'ஆன்னோ' தெரிகிறது, அடுத்த எண் தெரிவதற்குள் காற்று மறுபடி மூடிவிடுகிறது. பனியில் செத்தவர்களுக்குக் காவியம் உண்டு. இங்கே செத்தவர்களைக் கேட்க ஆளில்லை. இந்தக் கரையிலிருந்து அடிமைகளாகப் படேவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றப்பட்டவர்களுக்கோ ஒரு கல்கூடக் கிடையாது. சாகசக் கதை படிக்கும்போது அவர்களையும் நினைத்துக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

பாரன்ட்ஸ் வீட்டை 1871இல் நார்வே மாலுமி ஒருவர் கண்டுபிடித்தார். சீனாவில் விற்க எடுத்துப்போன அச்சுப் படங்கள் பனியில் ஒரே கட்டியாக இறுகிக் கிடந்தன. அவற்றைப் பின்னால் ஏடு ஏடாகப் பிரித்தெடுத்து ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். 1990களிலும் ஆய்வாளர்கள் அங்கே போய்த் தோண்டினார்கள். நம்மவர்களும் அந்தத் தடத்தில் கால் வைத்தாயிற்று. அதே 1596 பயணத்தில் பாரன்ட்ஸ் குழு கண்ட ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில்தான் 2008 முதல் இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் இருக்கிறது. அதை நடத்தும் மையம் கோவாவில். லின்ஸ்கோட்டன் கேட்டால் மகிழ்ந்திருப்பார்.

மாலையில் ஏரியோரம் வந்தேன். சேற்றில் கொசு உள்ளான்கள் ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டிருந்தன. உள்ளங்கையில் அடங்கும் குருவி, சைபீரியாவின் வடகரைத் தூந்திரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு வருகிறது. பாரன்ட்ஸுக்குக் கிடைக்காத வழி அதற்கு வருடா வருடம் கிடைக்கிறது.

இடுப்பளவு தண்ணீரில் ஒரு அம்மா பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாகப் பறிக்குள் போனது. கரையேறி, பறியை எடுத்துவிட்டுத் தாடையைத் தேய்த்துக்கொண்டே, "என்னத்த தம்பி எழுதிக்கினு இருக்க?" என்றார்.

சொன்னேன். பனிக்கடல், ஆறு மாசக் குளிர், இந்தப் பக்கம் வர நினைத்துச் செத்துப்போன வெள்ளைக்காரர், அவர் பேரில் ஒரு கடல்.

"அந்தக் கடல்ல இறா கெடைக்குமா?"

"கிடைக்கும்மா. பெரிய கப்பல் வச்சுப் பிடிக்கிறாங்க."

"கிலோ இன்னா வெல போவுது?"

அது அந்தப் புத்தகத்தில் இல்லை.